தாத்தாவின் விரல் ஏன் தயங்குகிறது?



உங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு சுவிட்சுப் பலகை இருக்கிறதல்லவா? அதில் ஆறோ ஏழோ சுவிட்சுகள் ஒரே வரிசையில் இருக்கும். மேலே நான்கு விளக்குகள், இரண்டு மின்விசிறிகள். ஆசிரியர், "கடைசி பெஞ்சுக்கு மேலே இருக்கும் விசிறியைப் போடு" என்கிறார். நீங்கள் எழுந்து போய் ஒரு சுவிட்சைத் தட்டுகிறீர்கள். விளக்கு எரிகிறது. இன்னொன்றைத் தட்டுகிறீர்கள். ஓடிக்கொண்டிருந்த முன்விசிறி நின்றுவிடுகிறது. வகுப்பே சிரிக்கிறது. நீங்களும் அசடு வழியச் சிரித்துவிட்டு உட்காருகிறீர்கள்.

தவறு யாருடையது? உங்களுடையதா? நாள்தோறும் அந்த அறையில் இருக்கும் ஆசிரியரும் அதே தவறைச் செய்கிறாரே! விசிறிகள் முன்னும் பின்னுமாகத் தொங்குகின்றன. சுவிட்சுகளோ இடமும் வலமுமாக நிற்கின்றன. எந்தச் சுவிட்சு எந்த விசிறிக்கு உரியது என்பதைச் சொல்ல அந்தப் பலகையில் எதுவுமே இல்லை. ஆகவே, தவறு பலகையை அமைத்த விதத்தில்தான் இருக்கிறது.

மனிதனும் கருவியும் சந்திக்கும் இடத்தை 'இடைமுகம்' என்கிறோம். சுவிட்சுப் பலகை ஓர் இடைமுகம். பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் பெட்டி ஓர் இடைமுகம். கைபேசித் திரையில் தோன்றும் இணையதளப் பக்கமும் அப்படியே. மனிதர் எப்படி நினைக்கிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ப இடைமுகத்தை அமைப்பது ஒரு தனி அறிவியல். அதைத் தஞ்சை வட்டாரத்து நெல்வயல் ஓரமாக நின்று இன்று கற்றுக்கொள்வோம்.

ஒரு தாத்தாவும் ஒரு படிவமும்

தை மாதம். சம்பா அறுவடை முடிந்து நெல் களத்தில் குவிந்து கிடக்கிறது. திருவையாற்றுப் பக்கம் ஒரு தாத்தாவைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்து மா நிலத்தில் விளைந்த நெல்லை அவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விற்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் இதற்கு இணையவழியாகப் பதிவு செய்யும் முறையும் வந்திருக்கிறது. வானம் மூட்டம் போட்டிருக்கிறது. மழை இறங்கினால் நெல் நனையும், ஈரப்பதம் ஏறும். கொள்முதலுக்கான பொது விதி ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது. மழை மிகுந்த சில ஆண்டுகளில் இதைத் தளர்த்தியதும் உண்டு. எப்படியும், ஒரு நாள் தாமதம் என்பது தாத்தாவுக்கு விளையாட்டல்ல. நான்கு மாத உழைப்பு.

இப்போது அவர் கையில் பேரனின் கைபேசி. திரையில் ஒரு படிவம். (இது நாம் பாடத்துக்காகக் கற்பனை செய்த படிவம், எந்த அலுவலகத்தின் பக்கமும் அன்று.) அதில் ஒரு கட்டம்: 'பரப்பு (ஹெக்டேர்)'. தாத்தாவின் விரல் அந்தக் கட்டத்துக்கு மேலே தயங்கி நிற்கிறது.

"ஏண்டா தம்பி, அஞ்சு மான்னு போடவா?"

"போடுங்க தாத்தா" என்கிறான் பேரன், கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தாத்தா 5 என்று எழுதுகிறார். என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தஞ்சை வட்டாரத்தில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. அப்படியானால் ஒரு மா 14,400 சதுர அடி. ஐந்து மா 72,000 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி ஆகையால், தாத்தாவின் நிலம் ஏறத்தாழ 1.65 ஏக்கர். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 1,07,640 சதுர அடி. எனவே கட்டத்தில் எழுதியிருக்க வேண்டிய எண் 0.67. அவர் எழுதியதோ 5. உண்மையைப் போல் ஏழரை மடங்கு! பட்டாவில் உள்ள பரப்போடு இது பொருந்தாது. பதிவு நிராகரிக்கப்படலாம், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரலாம். அதற்குள் மழை வந்துவிடலாம்.

தாத்தாவுக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஒரு மாவுக்கு எத்தனை கட்டு நாற்று, எத்தனை ஆள் நடவு, எத்தனை மூட்டை விளைச்சல் என்பதை அவர் உறக்கத்திலும் சொல்வார். அவர் மனத்தில் இருக்கும் அளவு மா. படிவத்தின் மனத்தில் இருக்கும் அளவு ஹெக்டேர். இரண்டும் சந்திக்கவில்லை. அவ்வளவுதான்.

மனத்தில் ஒரு சிறு உலகம்

கென்னத் கிரெய்க் என்ற ஸ்காட்லாந்து உளவியலறிஞர் 1943இல் ஒரு கருத்தைச் சொன்னார். மனிதர் தம் மனத்துக்குள் வெளியுலகத்தின் சிறிய மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார். ஒரு செயலைச் செய்யுமுன் அந்த மாதிரியை ஓட்டிப் பார்த்து, 'இப்படிச் செய்தால் இப்படி ஆகும்' என்று முடிவு செய்கிறார். இதை மன மாதிரி என்கிறோம்.

மடையைத் திறந்தால் வாய்க்கால் நீர் வயலுக்குள் பாயும் என்பது தாத்தாவின் மன மாதிரி. மேட்டு வயலுக்கு நீர் ஏற வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. யாரும் பலகையில் எழுதிக் கற்பிக்கவில்லை. பல ஆண்டுப் பழக்கம் கற்பித்தது.

இணையதளம் அமைப்பவருக்கும் ஒரு மன மாதிரி உண்டு. அது பெரும்பாலும் அவருடைய கணிப்பொறிக்குள் தகவல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம். தம் மாதிரியே எல்லாருடைய மாதிரியும் என்று அவர் எண்ணிவிடுகிறார். இதுதான் முதல் பிழை. பல பிழைகளுக்குத் தாயும் இதுவே. டொனால்டு நார்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1988இல் அன்றாடப் பொருள்களைப் பற்றி எழுதிய நூலில், கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் மனிதர் திகைப்பதையெல்லாம் எடுத்துக்காட்டி, இந்தப் பிழையை உலகறியச் செய்தார்.

நம் படிவத்தை எப்படித் திருத்தலாம்? 'உங்கள் நிலம் எவ்வளவு?' என்று கேட்டு, அருகில் மா, ஏக்கர், ஹெக்டேர் என்ற மூன்று பொத்தான்களை வைக்கலாம். தாத்தா 5 என்று எழுதி 'மா' என்பதைத் தொட்டால், '5 மா = 1.65 ஏக்கர் = 0.67 ஹெக்டேர்' என்று பக்கமே மாற்றிக் காட்டட்டும். பெருக்கல் வகுத்தல் எந்திரத்தின் வேலை. அதை மனிதரின் தலையில் கட்டுவானேன்?

மூட்டைக் கணக்கும் அப்படியே. கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ மூட்டையாகப் பிடிக்கிறார்கள். வெளி வியாபாரிகளிடம் 60 கிலோ மூட்டை என்று பேசிப் பழகியவர், 'எத்தனை மூட்டை?' என்ற கேள்விக்கு 60 என்று எழுதினால், கொண்டுவந்து இறக்கும்போது அது 90 மூட்டையாக நிற்கும். 'எத்தனை மூட்டை? (ஒரு மூட்டை 40 கிலோ)' என்று ஒரு சொல் கூட்டினால் போதும், வம்பு இல்லை.

நினைவு என்னும் சிறு கூடை

இனி ஒரு சோதனை.

சோதனை 1: உங்கள் நண்பரிடம் 5 இலக்கங்களை வினாடிக்கு ஒன்றாகப் படித்துக் காட்டுங்கள். அவர் திருப்பிச் சொல்லட்டும். பிறகு 7 இலக்கங்கள், பிறகு 9, பிறகு 12. எந்த இடத்தில் அவர் தடுமாறுகிறார்?

பெரும்பாலோர் ஏழு, எட்டுக்கு மேல் தடுமாறுவார்கள். ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலறிஞர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நம் உடனடி நினைவு ஏறத்தாழ ஏழு உருப்படிகளைத்தான் தாங்கும் என்றார். ஆளுக்கு ஆள் இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். 2001இல் நெல்சன் கோவன் என்பவர் இதை மீண்டும் ஆராய்ந்து, மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வழியில்லாதபோது உண்மையான கொள்ளளவு நான்கை ஒட்டியே இருக்கும் என்று வாதிட்டார். ஏழானாலும் நான்கானாலும், கூடை சிறியதுதான்.

ஆனால் மில்லர் இன்னொன்றையும் சொன்னார். உருப்படிகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டினால் கூடையில் அதிகம் அடங்கும். நாற்றை ஒவ்வொன்றாகச் சுமக்காமல் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சுமப்பதைப்போல! உங்கள் வீட்டில் உள்ள ஆதார் அட்டையைப் பாருங்கள். 12 இலக்கங்கள் நான்கு நான்காகப் பிரித்து அச்சிடப்பட்டுள்ளன. இப்போது அதே சோதனையை 12 இலக்கங்களை மூன்று கொத்தாகப் படித்துச் செய்து பாருங்கள். முன்பைவிட நன்றாகச் சொல்வார்கள். படிவத்தில் எண்ணை எழுதும் கட்டமும் இதேபோல் நான்கு நான்காகப் பிரிந்திருந்தால் சரிபார்ப்பது எளிது. ஒரே நீளக் கட்டத்தில் 12 இலக்கம் சங்கிலியாய் நின்றால், எட்டாவதா ஒன்பதாவதா என்று கண் வழுக்கும்.

இன்னொரு உண்மை: நினைவிலிருந்து தோண்டி எடுப்பதைவிடக் கண்டு அடையாளம் சொல்வது எளிது. தேர்வில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்பதைவிட 'சரியான விடையைத் தேர்ந்தெடு' என்பது எளிதாயிருப்பது உங்களுக்குத் தெரியாததா? ஊர்ப் பெயரை எழுதச் சொன்னால் ஒருவர் ஆங்கில எழுத்தில் ஒரு விதமாக எழுதுவார். மற்றொருவர் இன்னொரு விதமாக எழுதுவார். திருவையாற்றுக்கு முதல் எழுத்துக்குப் பின் 'எச்' சேர்ப்பதா வேண்டாமா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு உண்டு. ஆகவே வட்டத்தைத் தொட்டால் கிராமங்கள் தமிழில் வரிசையாக வரட்டும். தாத்தா தம் ஊரைத் தொடட்டும். பயிர்ப் பருவத்தைக் கேட்கும்போதும் விதைத்த தேதி, அறுவடைத் தேதி என்று ஆங்கில மாதக் கணக்கில் கேட்டு மிரட்ட வேண்டாம். குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பொத்தான்கள் போதும். அந்த மூன்றையும் தெரியாத உழவர் டெல்டாவில் இல்லை.

விரலுக்கும் ஒரு விதி உண்டு

சோதனை 2: ஒரு தாளில் 1 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளை 20 செ.மீ. இடைவெளி விட்டு வரையுங்கள். இன்னொரு தாளில் அதே இடைவெளியில் 4 செ.மீ. அகலப் பட்டைகளை வரையுங்கள். பென்சில் முனையால் இரு பட்டைகளையும் மாறி மாறி 15 வினாடிகள் தொடுங்கள். பட்டைக்கு வெளியே பட்ட புள்ளிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எந்தத் தாளில் அதிகப் புள்ளிகள்?

அகலப் பட்டைத் தாளில்தான். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலறிஞர் 1954இல் இத்தகைய சோதனையைச் செய்து ஒரு விதியைக் கண்டார். ஒரு குறியைத் தொட ஆகும் நேரம், குறியின் தொலைவுக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. தொலைவு கூடினால் நேரம் கூடும். அகலம் கூடினால் நேரம் குறையும். தொலைவையும் அகலத்தையும் இரு மடங்காக்கினால் நேரம் ஏறத்தாழ மாறாது.

ஃபிட்ஸ் ஆராய்ந்தபோது கைபேசி கிடையாது. ஆனால் விரல் அதே விரல்தான். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு, சேற்று ஈரம் காயாத விரலுக்கு, 3 மில்லிமீட்டர் பொத்தான் எம்மாத்திரம்? தொடுதிரையில் ஒரு பொத்தான் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரையாவது இருப்பது நல்லது என்பது இன்று வடிவமைப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட அளவு. அதோடு, 'பதிவு செய்' என்ற பொத்தானை ஒட்டியே 'அழித்துவிடு' என்ற பொத்தானை வைக்கக்கூடாது. விதை நெல்லையும் எலி மருந்தையும் ஒரே மாடத்தில் வைப்பாரா யாராவது?

மதகு சொல்லும் பாடம்

டெல்டாவில் வளரும் நீங்கள் வாய்க்கால் தலைப்பில் உள்ள மதகைப் பார்த்திருப்பீர்கள். பலகையை உயர்த்தத் திருகுத் தண்டு ஒன்று இருக்கும். கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற, பல மதகுகளில் அந்தத் தண்டு மேலே எழும்பி நிற்கும். கரையில் வருகிறவர் தூரத்திலிருந்தே, 'மூன்று கண்ணில் இரண்டு திறந்திருக்கிறது' என்று சொல்லிவிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. குனிந்து தண்ணீரைப் பார்க்க வேண்டியதும் இல்லை. கருவி தன் நிலையைத் தானே காட்டுகிறது.

நல்ல இடைமுகத்தின் முக்கிய இலக்கணங்களில் இது ஒன்று. தாத்தா 'பதிவு செய்' என்பதைத் தொடுகிறார். வயல்வெளியில் சிக்னல் மெலிந்திருக்கிறது. திரை அசையாமல் நிற்கிறது. பதிவாயிற்றா இல்லையா? அவர் மறுபடி தொடுகிறார், மறுபடியும். ஒரே நெல்லுக்கு மூன்று பதிவு! தொட்டவுடனே பொத்தான் நிறம் மாறி, 'அனுப்பிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்' என்று காட்டினால் இந்தக் குழப்பம் நேராது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் பதில் வந்தால் உடனே வந்ததாக மனம் உணரும். ஒரு வினாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து வினாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். கணிப்பொறி ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக ஏற்றுக்கொண்டிருக்கும் அளவுகள் இவை.

பீப் என்றொரு ஒலி

இதையெல்லாம் செய்துகாட்டிய கருவி ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. வாக்குச்சாவடியில் உங்கள் பெற்றோர் பயன்படுத்தும் மின்னணு வாக்குப்பதிவு எந்திரம்தான் அது.

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வாக்காளருள் மிகப் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டிமேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். சீட்டில் எதையும் எழுத வேண்டாம். உரிய பெட்டியில் போட்டால் போதும். மனிதர் எதை அறிவாரோ அங்கிருந்து தொடங்கிய ஏற்பாடு அது. பின்னர் ஒரே வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறை வந்தது. அப்போதும் சின்னம் போகவில்லை.

மின்னணு எந்திரம் முதன்முதலாக 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் பயன்பட்டது. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளுக்கும் அது வந்துவிட்டது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதன் உருவாக்கத்தில் பங்காற்றியவர் எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர். கல்லணைக்குச் சற்று மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள திருவரங்கத்தில் வளர்ந்தவர். அவரைத்தான் தமிழ் வாசகர்கள் சுஜாதா என்று அறிவார்கள்.

அந்த எந்திரத்தைக் கூர்ந்து பாருங்கள். பெயர், சின்னம், அதே வரிசையில் பொத்தான். எந்தப் பொத்தான் யாருக்கு உரியது என்ற ஐயமே எழாது. நம் வகுப்பறைச் சுவிட்சுப் பலகை கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்! பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. நீளமாக ஒரு பீப் ஒலி எழுகிறது. கண்ணுக்கும் பதில், காதுக்கும் பதில். ஒருவர் மறுபடி அழுத்தினாலும் இரண்டாவது வாக்கு விழாது. அடுத்த வாக்காளருக்காக அலுவலர் தம் பக்கத்துப் பொத்தானை அழுத்திய பிறகே எந்திரம் திறக்கும். தவறு செய்தவரைக் கடிந்துகொள்வதைவிடத் தவறே நேராதபடி அமைத்தல் மேல் என்பது இதன் கருத்து. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் ஒப்புகைச் சீட்டு எந்திரமும் சேர்ந்தது. அதில் சின்னம் அச்சிட்ட சீட்டு 7 வினாடிகள் கண்ணாடி வழியே தெரிந்துவிட்டு உள்ளே விழுகிறது.

எந்திரம் நம் மொழியைக் கற்க வேண்டும்

இன்னோர் எடுத்துக்காட்டு தமிழிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்துகள் 247. விசைப்பலகையிலோ சில பத்து விசைகள்தாம். என்ன செய்வது? 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்99 என்ற விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. உயிர் 12, மெய் வரிசைக்கு 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்வரிசை விசைகளுள் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். 'க' வையும் 'ஆ' வையும் அடுத்தடுத்து அழுத்தினால் 'கா'. உயிர்மெய் என்பதே உயிரும் மெய்யும் சேர்வது என்று நீங்கள் இலக்கணத்தில் படித்ததுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே மெய்வரிசை விசையை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'ங'வுக்குப் பின் 'க', 'ஞ'வுக்குப் பின் 'ச', 'ந'வுக்குப் பின் 'த' என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. ஏனெனில் தமிழில் அவை பெரும்பாலும் புள்ளியோடுதான் வரும். 'தஞ்சை' என்று எழுத த, ஞ, ச, ஐ என்ற நான்கு தட்டுகள் போதும். 'ததும்பும்' போன்ற அரிய சொற்களுக்குப் புள்ளி வேண்டாமென்றால் நடுவில் 'அ'வைத் தட்ட வேண்டும். அடிக்கடி நேர்வது எளிதாகவும் அரிதாக நேர்வதற்கு ஒரு தட்டு கூடுதலாகவும் அமைந்திருப்பதைக் கவனித்தீர்களா? இந்த விதியை எந்த இணையப் பக்கத்துக்கும் பொருத்தலாம். நூற்றில் தொண்ணூறு பேர் தேடி வருவதை முதலில் வையுங்கள். நூற்றில் ஒருவர் கேட்பதை உள்ளே வையுங்கள்.

யாருடைய வரிசையில் அடுக்குவது?

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து மடை. ஓர் உழவரிடம் 'உங்கள் நிலம் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஆற்றுப் பாசனம், எந்த வாய்க்கால் என்று தண்ணீர் வரும் வழியே சொல்லிக்கொண்டு வருவார். ஒவ்வொரு பிரிவிலும் எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் அவருக்கு ஐயமில்லை.

இணையதளத்தின் பட்டியலும் அப்படிக் கிளை பிரிய வேண்டும். முகப்பில் 'சுற்றறிக்கைகள்', 'பிரிவுகள்', 'இதர சேவைகள்' என்று இருந்தால், அது அலுவலகத்தின் அலமாரி வரிசை. உழவர் மனத்தில் உள்ள கேள்விகள் வேறு: எங்கே விற்பது? எந்த நாள் வரச் சொல்கிறார்கள்? என்ன விலை? என்ன தாள்கள் கொண்டுவர வேண்டும்? பணம் வந்துவிட்டதா? இந்த ஐந்து கேள்விகளையே ஐந்து பொத்தான்களாக்கினால் என்ன? 'இதர' என்ற சொல்லைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். அமைத்தவருக்கே அது எங்கே சேரும் என்று தெரியவில்லை என்பது பொருள்!

பிழைச் செய்திகளும் மனிதர் மொழியில் இருக்க வேண்டும். 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் மின்னினால் தாத்தா எதைத் திருத்துவார்? 'கைபேசி எண்ணில் 9 இலக்கங்களே உள்ளன. 10 வேண்டும்' என்றால் உடனே திருத்துவார். அதற்குள் அவர் நிரப்பிய மற்றக் கட்டங்கள் அழிந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஐந்து பேர் போதும்

இவ்வளவும் படித்தபின் நீங்கள் ஒரு பக்கம் அமைத்தால் அது சரியாகிவிடுமா? ஆகாது. ஏனென்றால் நீங்களும் உங்கள் மன மாதிரியோடுதான் அமைப்பீர்கள். பயன்படுத்துபவரிடம் கொடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

எத்தனை பேரிடம்? ஜேக்கப் நீல்சன், தாமஸ் லேண்டவர் என்ற இருவர் 1993இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். ஒருவர் பயன்படுத்துவதைக் கவனித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் வெளிப்பட்டன. அதாவது 69 சதவீதம் மறைந்தே நிற்கும். இரண்டாமவர் அந்த மறைந்ததில் 31 சதவீதத்தைக் காட்டுவார். 0.69 × 0.69 = 0.48. மூன்றாமவருக்குப் பின் 0.33, நான்காமவருக்குப் பின் 0.23, ஐந்தாமவருக்குப் பின் 0.16. ஐந்து பேரிலேயே 84 சதவீதக் குறைகள் தெரிந்துவிடுகின்றன! இது சராசரிக் கணக்கு. பக்கத்துக்குப் பக்கம் மாறும். ஆயினும், ஐந்து பேரிடம் பார், திருத்து, மறுபடி ஐந்து பேரிடம் பார் என்பது நல்ல வழி.

ஐந்து பேரும் ஒரே மாதிரியானவர்களாக இருக்கக்கூடாது. கண்ணாடி போட்ட தாத்தா ஒருவர், எழுத்துக் கூட்டிப் படிக்கும் அத்தை ஒருவர், குத்தகைக்குப் பயிரிடுபவர் ஒருவர் என்று இருக்கட்டும். குத்தகைக்காரர் பெயரில் பட்டா இருக்காதே, அவர் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவார்? அவரிடம் கேட்கும்வரை இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்காது.

இப்போது நம் தாத்தாவிடம் திரும்புவோம். பேரன் உடனிருந்தால் படிவத்தை அவனே நிரப்பிவிடுவான் என்று சிலர் சொல்லலாம். பேரன் திருச்சிக்குக் கல்லூரிக்குப் போன நாளில்? யாரோ ஒருவரிடம் கைபேசியையும் வங்கிக் கணக்கு எண்ணையும், வந்து விழும் ரகசிய எண்ணையும் ஒப்படைக்க வேண்டியதுதான். தம் நெல்லைத் தாமே விற்கும் உரிமை ஒரு கட்டத்தின் தலைப்பில் உள்ள ஒரு சொல்லால் அவர் கையை விட்டுப் போய்விடக்கூடாது. இடைமுகம் அழகுக்காக மட்டும் அன்று, இதற்காகவும்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. கணிப்பொறி வேண்டாம். கைபேசித் திரை அளவுக்கு அட்டைகள் வெட்டி, நெல் விற்பனைப் பதிவுக்கு ஒரு பக்கத்துக்கு ஓர் அட்டையாக வரையுங்கள். ஓர் அட்டையில் ஒரு கேள்வி மட்டும்.

2. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, "மனசுல தோணுறதைச் சொல்லிக்கிட்டே விரலால தொடுங்க" என்று கேளுங்கள். அவர் தொட்டதற்கேற்ப நீங்கள் அட்டையை மாற்றுங்கள். கணிப்பொறியின் வேலை உங்களுடையது.

3. கற்றுக்கொடுக்காதீர்கள்; சுட்டிக்காட்டாதீர்கள்; சிரிக்காதீர்கள். சோதிக்கப்படுவது உங்கள் அட்டை. பெரியவர் அல்லர் என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

4. விரல் தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையைத் திருத்தி அடுத்தவரிடம் கொடுங்கள்.

5. கடைசியாக, உங்கள் வகுப்பறைச் சுவிட்சுப் பலகைக்கு ஒரு தீர்வு வரையுங்கள். அறையின் படத்தைப் பலகையருகே ஒட்டி, சுவிட்சு எண்ணை விசிறிமேல் எழுதினாலே பாதி வேலை முடிந்தது. இன்னும் நல்ல வழி உங்களுக்குத் தோன்றினால் தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள்.